அல்சூரில் ஒரு பெயர்ப்பலகை இல்லாத சைக்கிள் கடை: கல்லட்டிக்கு என் வண்டி தயாரான விதம்

தீபாவளி முடிந்தால் பெங்களூர் சைக்கிள்காரர்கள் பேச்சில் நீலகிரி வந்துவிடும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் சவாரிக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். நாலைந்து பேராகச் சேர்ந்து மைசூர், மசினகுடி, ஊட்டி, கோத்தகிரி என்று தாங்களே வழி போட்டுக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் கடைசியில் வந்து நிற்பது மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில்தான். 36 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் இருப்பதை நம் கால்தான் ஏறிக் கடக்க வேண்டும்.

உடம்பை எப்படித் தயார் செய்வது என்று சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வண்டியை எங்கே கொடுப்பது என்று கேட்டால்தான் பலரும் யோசிக்கிறார்கள். நான் யோசிக்காமல் சொல்வேன்: அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கச் சந்துகளில் ஒன்றில் இருக்கும் அந்த ஒற்றை ஆள் கடை. மலைக்குப் போகிற ரோட் பைக் என்றால், அதுவும் சாதாரண கேபிள் கியரும், சக்கர வளையத்தைப் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக்கும் உள்ள வண்டி என்றால், இதைவிட நல்ல கையை நான் பெங்களூரில் பார்த்ததில்லை. எல்லா வண்டிக்கும் இதையே சொல்ல மாட்டேன், காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தையல் கடையும் மாவு அரைக்கும் மில்லும் இருக்கும் வரிசையில், ஷட்டர் பாதி இறக்கிய ஓர் அறை. உள்ளே இரண்டு வண்டி நிற்கலாம், மூன்றாவது வண்டி வந்தால் கடைக்கார அண்ணன் வெளியே வந்துவிட வேண்டும். சுவரில் பலகை அடித்து, அதில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டால் வரைந்து, அந்தந்த இடத்தில் அதையதை மாட்டியிருக்கிறார். வேலை முடிந்ததும் எது திரும்பி வரவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித் தொழில் பழகி, பிறகு ஒரு பெரிய ஷோரூமில் பல வருஷம் இருந்துவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். என்னோடு தமிழ், பக்கத்து மில்காரரோடு கன்னடம், வண்டி கொண்டுவரும் ஐடி பையன்களோடு இந்தி. மூன்றிலும் அவர் பேசுவது கொஞ்சம்தான்.

முதல்முறை போனபோது அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். மற்ற கடைகளில் "சர்வீஸா மேடம்? பேசிக்கா, பிரீமியமா?" என்பார்கள். இவர் கேட்டது: "எந்த மலைம்மா?" கல்லட்டி என்றேன். கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவோம் என்றும் சொன்னேன். "ஏறுறதுக்கு யோசனையா, இறங்குறதுக்கு யோசனையா?" இரண்டுக்கும்தான் என்றேன். வண்டியை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, "அப்ப ரெண்டு வேலை இருக்கு" என்று தொடங்கினார்.

முதல் வேலை கியர். என் வண்டி அலுமினிய ஃபிரேம், ஷிமானோவின் டியாக்ரா 4700 கியர் செட், பின்னால் 10 பல்சக்கரம். முன்னால் 50, 34 பற்கள். பின்னால் பெரிய சக்கரம் 28 பல். கடையில் வாங்கும்போது பெரும்பாலான ரோட் பைக்குகள் இந்த அளவில்தான் வந்தன. பெங்களூர் ரோட்டுக்கு இது போதும். நந்தி மலைக்கும் போதும், குழப்பமே அங்கேதான். நந்தியின் உச்சி 1,478 மீட்டர் என்றாலும் நாம் அடிவாரத்திலிருந்து ஏறுவது ஏழெட்டு கிலோமீட்டர்தான், சராசரிச் சரிவு ஆறு சதவீதம் பக்கம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 28 பல்லில் நந்தி ஏறியவர் கல்லட்டியும் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். கல்லட்டியில் சரிவு பத்து சதவீதத்தைச் சுற்றியே இருக்கும், வளைவுகளில் அதற்கு மேலும் போகும். அங்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடாமல் மிதிக்க வேண்டும். நந்தியை இரண்டு தடவை ஏறினாலும் அது ஈடாகாது, ஏனென்றால் நடுவில் ஓர் இறக்கம் முழுக்க கால் ஓய்ந்திருக்கும்.

அண்ணன் இதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 2.1 மீட்டர். முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடலை ஒருமுறை சுற்றும்போது வண்டி 2.55 மீட்டர் போகும். பின்னாலும் 34 என்றால் சரியாக 2.1 மீட்டர். பத்து சதவீத ஏற்றத்தில் என் எடைக்கும் என் பழக்கத்துக்கும் மணிக்கு 7 கிலோமீட்டர்தான் நியாயமான வேகம். அந்த வேகத்தில் 28 பல்லில் நிமிடத்துக்கு என் கால்கள் 46 சுற்றுதான் சுற்றும், 34 பல்லில் 56 சுற்று. பத்து சுற்று வித்தியாசம் காகிதத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் 46 சுற்றில் ஒவ்வொரு மிதியையும் முட்டியைக் கொண்டு அமுக்கித் தள்ளியாக வேண்டும். 56இல் உட்கார்ந்தபடியே, மூச்சு சீராக மிதிக்கலாம். சரிவு கூடி வேகம் 5 கிலோமீட்டருக்கு இறங்கினால் 28 பல்லில் கால் 33 சுற்றுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் எழுந்து நின்று மிதிக்கலாம், அல்லது இறங்கி நடக்கலாம். மொத்தத்தில் எனக்கு வேண்டிய உழைப்பு ஏறக்குறைய 145 வாட்தான், கியர் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அதே உழைப்பை முட்டி எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைத்தான் கியர் மாற்றுகிறது. நாற்பதைத் தாண்டிய முட்டிகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே 11-34 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 34 பல் வரை போகும் பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு. ஆனால் கேசட்டை மட்டும் மாற்றி முடிக்கிற வேலை அல்ல இது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிதான் டிரெயிலர்; என் வண்டியில் இருந்த குட்டைக் கூண்டு டிரெயிலர் 28 பல்லுக்கு மேல் தாங்காது, நீளக் கூண்டு வேண்டும். "ஏதாவது 10 வேக டிரெயிலர் போட்டுக்கலாம்ல?" என்று கேட்டேன். எங்கள் குழுவில் ஒருவரிடம் பழைய மவுண்டன் பைக் டிரெயிலர் சும்மா கிடந்தது. ஒத்துவராது என்றார். டியாக்ரா 4700 பத்து வேகம்தான் என்றாலும், அதன் லீவர் கேபிளை இழுக்கும் அளவு அதற்கு முந்தைய பத்து வேக ரோட் செட்டுகளின் அளவும் இல்லை, பத்து வேக மவுண்டன் பைக் அளவும் இல்லை. போட்டால் இரண்டு கியர் சரியாக விழும், மூன்றாவது கியரில் கடகடவென்று அடிக்கும். அதே 4700இன் நீளக் கூண்டு டிரெயிலரே வேண்டும், அது 34 வரை போகும் என்றார். இதை எனக்கு வேறு எந்தக் கடையிலும் சொன்னதில்லை. ஒரு பெரிய ஷோரூமில் 11-34 கேசட்டைப் பழைய டிரெயிலரோடு போட்டுத் தருவதாகச் சொல்லி, விலை எழுதிய சீட்டே கொடுத்திருந்தார்கள்.

புது கேசட் போடுவதற்கு முன் அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிரெயிலரைக் கழற்றினார். அது மாட்டியிருக்கும் சின்ன ஹேங்கர் துண்டில் நீளக் கை ஒன்றைத் திருகினார். கையின் நுனியில் ஓர் ஊசி. அதை ரிம்முக்கு நேராகக் கொண்டுவந்து, கடிகாரத்தின் 12, 3, 6, 9 என்று நான்கு இடத்திலும் ரிம்முக்கும் ஊசிக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். கீழே ஒரு தீக்குச்சி கனம், மேலே அதைப்போல் இரண்டு மடங்கு. ஹேங்கர் உள்பக்கம் சாய்ந்திருந்தது. வண்டியைக் காரின் பின்னால் மாட்டி எடுத்துப் போகும்போதோ, ரயிலில் பார்சல் போடும்போதோ லேசாக இடித்தாலே இது சாயும், வெளியே கண்ணுக்குத் தெரியாது. 28 பல்லில் அதனால் பெரிய தொந்தரவு வராது. 34 பல் சக்கரம் ஸ்போக்குக்கு அவ்வளவு பக்கத்தில் வருகிறது. ஏற்றத்தில் கடைசி கியரைத் தட்டும்போது டிரெயிலர் ஸ்போக்குக்குள் போனால் சக்கரம், டிரெயிலர், ஹேங்கர் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். அந்த நீளக் கையையே பிடித்து, ஒரு மூச்சு அளவுக்கு வெளியே இழுத்தார், மறுபடி அளந்தார், இன்னும் கொஞ்சம் இழுத்தார். நான்கு இடத்திலும் ஒரே இடைவெளி வந்த பிறகுதான் டிரெயிலரைக் கையில் எடுத்தார்.

செயினைப் பழைய நீளத்துக்கே வெட்டவில்லை. முன்னால் பெரிய சக்கரம், பின்னால் பெரிய சக்கரம் இரண்டையும் சுற்றிச் செயினைப் பிடித்துப் பார்த்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டினார். நம்மில் யாராவது மறந்துபோய் 50க்கு 34 போட்டாலும் செயின் இழுத்து டிரெயிலர் உடையக் கூடாது என்பதற்காக. பழைய செயினில் தேய்மானம் பார்க்கும் அளவுக் கட்டையை வைத்தபோது 0.75 சதவீதக் குறி சுலபமாக உள்ளே விழுந்தது. பத்து வேகச் செயினுக்கு அதுதான் மாற்ற வேண்டிய எல்லை. தேய்ந்த செயினைப் புது கேசட்டில் ஓட்டினால் கேசட்டையும் தின்றுவிடும்.

நான் லேசான சக்கர செட் ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டேன். கார்பன், முக்கால் கிலோ குறையும், விலை என் வண்டியின் விலையைவிட அதிகம். அவரே தருவித்துக் கொடுக்கிறார், அதில் அவருக்கு நல்ல லாபம் இருக்கும். "முக்கால் கிலோங்கறது ஒரு பாட்டில் தண்ணிம்மா. அந்தக் காசுல நாலு வாட்டி மலைக்குப் போய் ஏறிட்டு வாங்க" என்றார். கடைக்காரர் ஒருவர் தன் வாயாலேயே வியாபாரத்தை வேண்டாம் என்பதை இந்தத் துறையில் நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். இந்தக் கடையைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வேலை பிரேக். ஏறுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம் ஆட்கள் இறங்குவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கும் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். நானும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 72 கிலோ. ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் சக்தி மட்டுமே இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். வேகமாக இறங்குகிறவருக்கு அதில் பெரும்பங்கைக் காற்றே வாங்கிக்கொள்ளும். பயந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்குகிறவருக்கு அத்தனை சூடும் ரிம்மில்தான் இறங்கும். டியூப் வெடிப்பது அப்படித்தான்.

அண்ணன் என் பழைய பிரேக் ஷூவைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். ரப்பர் முகம் கண்ணாடி போல் பளபளத்தது, நடுநடுவே வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துகள்கள். மண்ணும் தண்ணீரும் சேர்ந்து ஓட்டும்போது இவை ரப்பரில் பதிந்துகொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் ரிம்மைச் சுரண்டும். ஒரு குண்டூசியால் ஒன்றை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எள்ளைவிடச் சின்னது, கை வைத்தால் குத்துகிறது. பிறகு ஓர் இரும்பு ஸ்கேலை ரிம்மின் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் ரிம் குழிந்துவிட்டது என்று அர்த்தம். பின் சக்கரத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தது. இந்த வருஷம் தாங்கும், அடுத்த வருஷம் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மாற்றியிருப்பேன்.

எனக்கு இந்தக் கடையில் கிடைத்த பெரிய நன்மை இதற்கு அடுத்து வருகிறது. என் கை சிறியது. ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது லீவரை நடுவிரல் நுனி மட்டும்தான் தொடும். இத்தனை வருஷமாக அது என் பலம் போதாததால் என்று சொல்லிச் சொல்லியே வந்தார்கள். இவர் என்னைக் கீழ்வளைவைப் பிடிக்கச் சொல்லி விரல்களைப் பார்த்துவிட்டு, லீவரில் உள்ள ஒரு சின்னத் திருகைத் திருப்பி லீவரையே ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அதற்கேற்ப கேபிளையும் ஷூவின் இடைவெளியையும் மறுபடி வைத்தார். இப்போது ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணு லீவரின் மேல் உட்காருகிறது. பத்து நிமிஷ வேலை. இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. சின்னக் கை உள்ள பெண்கள், வளரும் பிள்ளைகள் யாராவது படித்தால், எந்தக் கடைக்குப் போனாலும் இதை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். இறக்கத்தில் கை வலிக்கிறது என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் திருகு ஒன்றே போதுமாக இருக்கும் என்று நினைக்கும்போது ஆதங்கமாக இருக்கிறது.

எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே போகக்கூடாது, பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்கினால் நடுவில் ரிம்முக்குக் காற்று படும். மழையிலோ மூடுபனியிலோ ரிம் நனைந்திருந்தால் முதல் இரண்டு மூன்று சுற்று பிரேக் பிடிக்கவே செய்யாது, தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே லேசாகத் தொட்டுக் காயவைக்க வேண்டும். நீலகிரியில் டிசம்பரில் இது அடிக்கடி தேவைப்படும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரம் இரண்டுக்கும் பெண்டு எடுத்தார், ஸ்போக்குகளை விரலால் தட்டிச் சத்தம் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். டயரை 25இலிருந்து 28க்கு மாற்றச் சொன்னார், என் ஃபிரேமில் இடம் இருந்தது, மாற்றினேன். சீட் போஸ்டில் இப்போதைய உயரத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டார், வண்டியைப் பிரித்துப் பெட்டியில் போட்டாலும் திரும்பப் பூட்டும்போது உயரம் மாறாது. என் ஃபிரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பைக்குள் போடச் சொன்னார். டியூபும் பம்பும் யார் வேண்டுமானாலும் கடன் கொடுப்பார்கள், ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு, ஊட்டியில் அலைந்தாலும் கிடைக்காது.

கணக்கு: கேசட் 2,900, டிரெயிலர் 3,200, செயின் 1,500, பிரேக் ஷூ இரண்டு ஜோடி 1,100, கேபிள்கள் 600, முழு ஓவர்ஹால் கூலி 1,800. மொத்தம் 11,100 ரூபாய், டயரும் கூடுதல் ஹேங்கரும் தனி. கழற்றிய சாமான் அத்தனையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். குறைவான தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ரூபாயும் எதற்குப் போனது என்று எனக்குத் தெரியும்.

வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க முதலில் ஏலகிரி போனேன். 14 வளைவுகள், பாரதியார், திருவள்ளுவர், கம்பர், பாரி, ஓரி என்று வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகை. பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம், ஆனால் கல்லட்டிக்கு இது ஒத்திகை ஆகாது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சரியான சோதனை கொல்லிமலைதான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். காரில் வண்டியை மாட்டிக்கொண்டு முதல்நாளே நாமக்கல் போய்விட்டு, விடிவதற்குள் ஏற ஆரம்பித்தோம். 34 பல்லை முதல் பத்து வளைவுகளுக்குள்ளேயே போட்டுவிட்டேன், பெரும்பாலும் அதிலேயே இருந்தேன். கூட வந்தவர்களில் இரண்டு பேர் என்னைவிட இளையவர்கள், பலசாலிகள், 28 பல்காரர்கள். முப்பதாவது வளைவு வரைக்கும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் முன்னால் போனார்கள். ஐம்பதைத் தாண்டியபோது ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார், மற்றவர் மதகுச் சுவரில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மேலே போய் அன்னாசிப்பழம் வாங்கித் தின்னவும் தெம்பு இருந்தது.

இறக்கம்தான் எனக்கு முக்கியம். பாதை குறுகல், எதிரே பஸ் வந்தால் ஓரமாக நின்றுதான் ஆகவேண்டும். எழுபது தடவையும் நேராக இருக்கும்போதே பிடித்தேன், வளைவில் விட்டேன். பாதியில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது, கையை எடுக்க வைக்கும் அளவுக்கு இல்லை. அடிவாரத்தில் விரல்களை மடக்கி நீட்ட முடிந்தது. முன்பெல்லாம் இதில் பாதி இறங்கினாலே பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பேன்.

சரி, குறைகள். ஒன்றல்ல, பல இருக்கின்றன. போன் எடுக்க மாட்டார், கை முழுக்க கிரீஸ் இருக்கும், மாலையில்தான் திரும்பக் கூப்பிடுவார், சில நாள் அதுவும் இல்லை. செவ்வாய் தருகிறேன் என்றால் வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் கியர் வேலை செய்வதில்லை, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் ஷூ மாற்றுவார், எண்ணெய் மாற்றி காற்று எடுக்கும் வேலைக்கு வேறு இடம் பாருங்கள் என்று அவரே சொல்லிவிடுகிறார். டிஸ்க் வண்டியோடு மலைக்குப் போகிறவர்களுக்கு அது முக்கியமான வேலை, ஆகவே அவர்களுக்கு இந்தக் கடையைப் பாதிதான் சிபாரிசு செய்வேன். அச்சடித்த பில் கிடையாது, நோட்டில் எழுதிக் கிழித்துத் தருவார், யூபிஐ உண்டு. உட்கார இடம் இல்லை. உடம்புக்கு ஏற்றபடி வண்டியை அளந்து வைக்கும் ஃபிட்டிங் வேலையை அவர் செய்வதில்லை. முட்டிவலி, கழுத்துவலி இருப்பவர்கள் முதலில் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு, ஃபிட்டிங் முடித்துக்கொண்டு, அப்புறம் இங்கே வரவேண்டும். எனக்கு ஹேண்டில்பார் டேப்பை அவர் சுற்றியது பிடிக்கவில்லை, ஒரு பக்கம் மொத்தமாக இருந்தது, வீட்டில் நானே பிரித்துச் சுற்றிக்கொண்டேன்.

பயிற்சி பற்றியோ சாப்பாடு பற்றியோ அவரிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். அதற்கு நான் செய்வது, மணிக்கு ஒரு வாழைப்பழமும் கையளவு கடலை மிட்டாயும், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், ஒரு பாட்டில் ஓஆர்எஸ். நந்தியை வாரநாள் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் ஏறும் மலைக்குப் போகிறேன். பெங்களூர்க்காரர்களுக்கு ஏற்காடு, கொல்லிமலை இரண்டும் எட்டும் தூரம்தான்.

போகிறவர்களுக்குக் கடைசியாக நேர விவரம். ஒரு வாரத்துக்கு நாலைந்து வண்டிக்கு மேல் எடுப்பதில்லை. நவம்பர் கடைசியில் நீலகிரிக்காரர்கள் வரிசை கட்டிவிடுவார்கள், அப்போது போனால் பஞ்சர்கூட ஒட்ட முடியாது. அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள். புது கேபிள் இரண்டு மூன்று சவாரியில் இழுபட்டுத் தளரும், அதற்கப்புறம் கியர் ஒருமுறை தாறுமாறாக விழும். அதைக் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறார், அதற்கு ஒரு வாரம் கையில் இருக்க வேண்டும். காலை பத்தரைக்குக் கடை திறக்கும், மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை சாப்பாட்டு நேரம், ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மட்டும் இரவு எட்டரை வரைக்கும் இருப்பார்.